கோவில் பாட்டில் பேஸ் கிதார்: சத்தத்தைச் சமப்படுத்துவது எப்படி?



காணிக்கைப் பாட்டு வரையில் அடக்கமாய் ஒலித்த பேஸ் கிதார், நற்கருணைப் பாட்டில் திடீரென்று நெஞ்சை அதிர வைக்கிறது. பின்வரிசைப் பாட்டிமார் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தியே இல்லை" என்று முணுமுணுப்பு எழும்புகிறது. குற்றம் பெரும்பாலும் பக்தியில் இல்லை. நடுவில் கிதார் மாறியதில் இருக்கிறது.

பேஸ் கிதார் இருவகை. 1951-ல் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் போன்றது "பாசிவ்" வகை. காந்தமும் கம்பிச்சுருளும் தரும் மின்சாரமே அதன் பலம். 1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்றது "ஆக்டிவ்" வகை. இதனுள் 9 வோல்ட் பேட்டரியும், ஒலியைப் பெருக்கும் சிறு கருவியும் உண்டு.

போர்வெல் லாரிக்குப் பேர்போன திருச்செங்கோட்டில் இதை விளக்குவது சுலபம். மேல்தொட்டித் தண்ணீர் தன் பாரத்தால் இறங்குகிறது. குழாயைத் திருகிக் குறைக்கலாம், தொட்டி தருவதற்கு மேல் கூட்ட முடியாது. மோட்டார் வைத்தாலோ வேகம் கூடும். முந்தியது பாசிவ், பிந்தியது ஆக்டிவ். ஆகையால் ஒரே ஆம்ப்ளிபயரில் மாற்றிச் சொருகினால் சத்தம் ஏறி இறங்குவது இயல்பே.

சமப்படுத்தும் முறை இது:

1. முதலில் பாசிவ் கிதாரைச் சொருகி, அதன் வால்யூமை முழுதும் திறந்து, ஆம்ப்ளிபயரைப் பாட்டுக்குத் தக்கபடி வையுங்கள். பலங்குறைந்ததே அளவுகோலாகட்டும். அதன் திருகைக் குறைத்தால் தொனியும் சற்று மங்கும்.

2. பிறகு ஆக்டிவ் கிதார். அதன் தொனித் திருகுகளை நடுவில் நிறுத்தி, வால்யூமைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஆம்ப்ளிபயரில் "ஆக்டிவ்" என்று தனித் துளையோ பொத்தானோ இருந்தால் அதை உபயோகியுங்கள். மிக்சரில் இடமிருந்தால் இரண்டுக்கும் தனித்தனி வழி கொடுத்து, ஒவ்வொன்றையும் தனியே சரிசெய்வது உத்தமம்.

3. ஒரே ஆள், ஒரே பாட்டை, ஒரே விரல் பலத்தோடு இரண்டிலும் வாசிக்கட்டும். மற்றொருவர் கடைசி வரிசையில் இருந்து கேட்கட்டும். வாசிப்பவர் காது இதற்குச் சாட்சியாகாது.

4. சரியான இடத்தில் சிறு ஒட்டுத்தாளால் அடையாளமிடுங்கள்.

5. பூசையில் மாற்றும்போது முதலில் சத்தத்தை அடைத்துவிட்டே வயரைப் பிடுங்குங்கள். இல்லையேல் "டொம்" என்ற ஓசை ஜெபத்தைக் கலைக்கும்.

பேட்டரியை மறவாதீர்கள். வயர் சொருகியிருக்கும் வரையில் அது கரைந்துகொண்டே இருக்கும், வாசித்ததும் கழற்றிவிடுங்கள். பேட்டரி தளர்ந்தால் ஒலி கரகரக்கும். கிறிஸ்துமஸ், பாஸ்கு திருநாட்களுக்கு முன் புதிதாக மாற்றிவிடுவது நலம்.

வினா: இவ்வளவு சிரத்தை எதற்கு?

விடை: 1967 மார்ச் 5-ல் உரோமாபுரி வெளியிட்ட திருச்சபை இசை பற்றிய போதனை, வாத்தியங்கள் குரலைத் தாங்கலாம், ஆனால் வார்த்தை விளங்காதபடி அதை மூழ்கடிக்கக் கூடாது என்கிறது. குருவானவர் தமக்குரிய ஜெபத்தை உரத்துச் சொல்லும்போது வாத்தியம் மவுனமாயிருக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறது.

பேஸ் கிதார் வீட்டின் அஸ்திவாரம் போன்றது. அது தாங்க வேண்டும். தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. படிக்கத் தெரியாத ஒரு தாய்க்குப் பாட்டின் வார்த்தையே ஜெபப் புத்தகம். அந்த வார்த்தை அவள் காதில் விழாமற்போனால், அவளுடைய ஜெபத்தை அல்லவா நாம் பறிக்கிறோம்?

பெற்றோரே, பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன் ஒரு சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு வாருங்கள். கடைசி பெஞ்சில் அமர்ந்து, "இப்போது வார்த்தை கேட்கிறது" என்று சொல்லுங்கள். அதுவும் ஓர் ஞான ஊழியமே. நவம்பர் 22-ல் நாம் கொண்டாடும் இசைக்கலைஞரின் பாதுகாவலி அர்ச். சிசிலியம்மாள் நமது பாடகர் குழுவுக்காக வேண்டிக்கொள்வாளாக.