உணவும் உயிர்க்காப்பும்

உண்ணும் உணவு பசியைத் தணிப்பதோடு அமையாது, பிணியை எதிர்க்கும் ஆற்றலையும் உடலுக்கு நல்குகின்றது. இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவுறுத்தும்.

தட்டம்மை காற்றின் வழியே பரவும் வைரசு நோய். அக்காலத்தில் அந்நோய் கண்ட குழந்தைகள் பலர் நுரையீரல் அழற்சியுற்று மாண்டனர். நோயுற்றோருள் 300 குழந்தைகளுக்கு ‘ஏ’ உயிர்ச்சத்துச் செறிந்த மருந்தை எல்லிசன் என்னும் மருத்துவர் அளித்தார். வேறு 300 பேருக்கு அதனை அளித்திலர். 1932ஆம் ஆண்டில் அவர் முடிவினை வெளியிட்டார். மருந்து பெறாதாருள் 26 பேர் இறந்தனர். பெற்றாருள் இறந்தவர் 11 பேரே.

இதற்குக் காரணம் யாது? மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய படலத்தைக் காப்பது இச்சத்து. இது குறையின் படலம் சிதையும். காவலற்ற கோட்டையுள் பகைவர் புகுவதுபோலக் கிருமிகள் உட்புகும். தட்டம்மையோ எஞ்சிய சத்தையும் குறைத்துவிடும். ஆதலின் தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு இச்சத்தினை இரு நாள் அளிக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது.

எனினும், நோய் வாராமற் காப்பது தடுப்பூசியே. உயிர்ச்சத்து மருந்தும் அளவு மீறின் நஞ்சாகும்.

மாணவர்களே! கீரை, மாம்பழம், முட்டை முதலியவற்றில் இச்சத்து உண்டு. எளியோர் கலத்திலும் இவை இடம்பெறச் செய்தல் சமுதாயத்தின் கடமையன்றோ?