பழைய காரின் கியர்பெட்டி: முதல் அறிகுறியிலேயே நிறுத்துவோம்

பால்மரம் சீவிப் பழகிய நம் தோட்டத் தொழிலாளர்கள் பட்டை வறட்சி என்னும் நோயை நன்கு அறிவர். வெட்டுக் கோட்டின் ஒரு பகுதியில் பால் வராமல் நின்றால், அனுபவமுள்ள தொழிலாளி அதனை மண்டோரிடம் கூறுவார். மரத்திற்கு ஓய்வு அளிக்கப்படும். அதைக் கவனியாமல் தொடர்ந்து சீவினால் வறட்சி பரவி, மரமே பயனற்றுப் போகும். காரின் கியர்பெட்டியும் இத்தகையதே. அது ஒரே நாளில் கெடுவது அரிது. முன்னரே அறிகுறி காட்டும். அதனைக் கண்டவுடன் வண்டியை நிறுத்துபவர் பெரும்பாலும் சிறு செலவோடு தப்புவார். கவனியாதவர் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டை இழக்க நேரிடும்.

1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்த பின்னர், கார் என்பது எளிய குடும்பங்களுக்கும் எட்டும் பொருளாயிற்று. இன்று தோட்டப்புறத்தில் பழைய கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதற்கும், முதியோர் நகரத்து மருத்துவமனைக்குச் செல்வதற்கும் அதுவே துணை. ஆகவே, அது பழுதானால் என்ன செய்வது என்பதை அறிந்து வைத்திருப்பது நம் கடமையாகும்.

கியர்பெட்டியின் வேலை

இயந்திரத்தில் பிறக்கும் ஆற்றலைச் சக்கரங்களுக்கு ஏற்ற அளவில் கொண்டு சேர்ப்பதே கியர்பெட்டியின் வேலை. மேடேறும்போது இழுவிசை மிகுதியாகத் தேவை. சமதரையில் வேகம் தேவை. அதற்கேற்பப் பற்சக்கரங்கள் மாற வேண்டும்.

கையால் கியர் மாற்றும் கார்களில், இயந்திரத்தையும் கியர்பெட்டியையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளட்ச் ஆகும். ஆட்டோமேட்டிக் கார்களில் இவ்வேலையின் பெரும்பகுதியை எண்ணெய் செய்கிறது. அவ்வெண்ணெயே ஆற்றலைக் கடத்துகிறது, உள்ளிருக்கும் தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது, உராய்வைக் குறைக்கிறது, சூட்டையும் வெளியேற்றுகிறது. எண்ணெய் குறைந்தாலோ கருகினாலோ தகடுகள் வழுக்கும். வழுக்கினால் சூடு ஏறும். சூடு ஏறினால் எண்ணெய் மேலும் கருகும். இவ்வாறு ஒரு கேடு மற்றொன்றை வளர்ப்பதால்தான் தாமதம் பெருஞ்செலவாக முடிகிறது.

நான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நானும் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். காலையில் கியரை ‘டி’யில் இட்டால், இரண்டு மூன்று விநாடிகள் கழித்தே வண்டி நகரும். ‘பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்பட்டேன். மலைப்பாதையில் இயந்திரம் உறுமியதே தவிர வண்டி முன்னேறவில்லை. கருகிய வாடை வீசியது. அப்பொழுதும் நிறுத்தாமல் இன்னும் சிறிது தூரம் ஓட்டினேன். ஒரு வளைவில் வண்டி முற்றிலும் நின்றது. மழையில் என் தாயாரும் பிள்ளைகளும் சாலையோரம் காத்திருந்த காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

பட்டறையில் மெக்கானிக் ஒரு வெள்ளைத் தாளில் கியர் எண்ணெயைச் சொட்டவிட்டுக் காட்டினார். அது தார்போல் கறுத்திருந்தது. “சார், ஒரு மாதம் முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு செலவு வந்திருக்காது” என்றார். அவருக்குக் கூற என்னிடம் மறுமொழி இல்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. கியரை ‘டி’யிலோ ‘ஆர்’இலோ இட்ட பின்னர் வண்டி தாமதித்து நகர்தல், அல்லது பலமாகக் குலுங்குதல்.

2. இயந்திரத்தின் ஓசை ஏறியும் வண்டியின் வேகம் ஏறாதிருத்தல். கையால் கியர் மாற்றும் காரில் இது பெரும்பாலும் கிளட்ச் தகடு தேய்ந்ததன் அடையாளம். கிளட்ச் மாற்றும் செலவு, கியர்பெட்டியைப் பிரித்துச் செப்பனிடும் செலவைவிடப் பொதுவாகக் குறைவு. எனவே, ‘கியர்பெட்டி போய்விட்டது’ என்று எவரேனும் கூறியவுடன் அஞ்ச வேண்டியதில்லை. முதலில் கிளட்சைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

3. இரவில் நிறுத்திய இடத்தில் காலையில் எண்ணெய்த் துளிகள் காணப்படுதல். கியர் எண்ணெய் இயந்திர எண்ணெயைப்போல் எரிந்து குறைவதில்லை. அது குறைந்தால், எங்கோ கசிகிறது என்பதே பொருள்.

4. எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வீசுதல். எண்ணெய் பண்டோங் பானம்போல் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால், ரேடியேட்டர் நீர் அதனுடன் கலந்துவிட்டது எனக் கொள்ளலாம். அந்நிலையில் வண்டியை அறவே ஓட்டக் கூடாது.

5. எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி ஒரே கியரில் நின்றுவிடுதல். இது பல கார்களில் கணினி தன் கியர்பெட்டியைக் காத்துக்கொள்ளும் முறையாகும். குறை ஒரு சிறு மின்கருவியிலோ கம்பியிலோகூட இருக்கலாம்.

வழியில் நேர்ந்தால்

பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அபாய விளக்கைப் போடுங்கள். அனைவரும் இறங்கிச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். ‘வீடு வரை மெல்ல ஓட்டிவிடலாம்’ என்னும் எண்ணத்தைக் கைவிடுங்கள். வழுக்கும் கியர்பெட்டிக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் கேடே.

பெரும்பாலான குடும்பக் கார்களை முன்சக்கரங்களே இழுக்கின்றன. அத்தகைய ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுத்தால், இயந்திரம் ஓடாத நிலையில் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுழலாது. உள்பாகங்கள் உராய்ந்து கெடும். வண்டியை முழுதும் லாரியில் ஏற்ற வேண்டும். இயலாவிட்டால் முன்சக்கரங்களையாவது தூக்கிக்கொண்டு செல்ல வேண்டும்.

பட்டறையில்

முதலாவது, பெட்டியைப் பிரிக்கும் முன் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் செய்யுங்கள். கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டையும் கேட்டறியுங்கள். இரண்டாவது, எண்ணெய் மாற்றினால் காரின் கையேடு குறிப்பிடும் வகையையே ஊற்ற வேண்டும். பட்டையும் உருளைகளும் கொண்ட ‘சி.வி.டி.’ வகைக் கியர்பெட்டிக்கு அதற்குரிய எண்ணெய் வேறு. தவறான எண்ணெய் நல்ல பெட்டியையும் கெடுத்துவிடும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினாலும் எண்ணெய் நுரைத்துத் தீங்கு விளையும்.

மூன்றாவது, செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். பெட்டியைச் செப்பனிடுவதா, ‘ஹாப் கட்’ எனப்படும் பழைய பெட்டியைப் பொருத்துவதா என்று கேட்பார்கள். இரண்டிற்கும் உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கண்ணால் பாருங்கள். இயலுமாயின் வேறொரு பட்டறையிலும் விலை கேளுங்கள்.

ஒரு கணக்கு

கார் நல்ல நிலையில் 8,000 ரிங்கிட் பெறும் என்றும், பழுதான நிலையில் 3,000 ரிங்கிட்டுக்கு விற்கும் என்றும், செப்பனிட 3,500 ரிங்கிட் ஆகும் என்றும் கொள்வோம். செப்பனிட்டால் காரின் மதிப்பு 5,000 ரிங்கிட் உயர்கிறது, செலவோ 3,500. ஆகவே, மற்றப் பாகங்கள் நன்றாயிருந்தால் செப்பனிடுவதே அறிவுடைமை. ஆனால் இயந்திரத்திற்கும் சக்கரங்களுக்கும் இன்னும் 2,500 ரிங்கிட் தேவை என்றால், மொத்தச் செலவு 6,000 ஆகிவிடும். அப்பொழுது விற்றுவிடுவதே மேல். கடன் வாங்குமுன் இக்கணக்கை வீட்டாருடன் அமர்ந்து தாளில் எழுதிப் பாருங்கள்.

விற்கும்போது குறையை மறைக்காதீர்கள். அதனை வாங்கி அல்லற்படுபவரும் நம்மைப்போல் உழைத்துண்ணும் ஒருவரே.

வாங்கும் முன்னர்

பழைய காரைப் பார்க்கச் செல்லும்போது இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் பிரேக்கை அழுத்திக்கொண்டு எல்லாக் கியர்களையும் மாற்றிப் பாருங்கள். பின்னர் அரைமணி நேரம் ஓட்டி, மேட்டிலும் ஏற்றி, சூடான நிலையில் அதையே மீண்டும் செய்யுங்கள். சில குறைகள் சூட்டில்தான் வெளிப்படும். உரிமை மாற்றத்திற்காக நடைபெறும் வாகனப் பரிசோதனை கியர்பெட்டிக்கு உத்தரவாதம் ஆகாது. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணைப் பணத்தைச் செலுத்தியே தீர வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் படித்தறியாமல் கையெழுத்திடக் கூடாது.

கார் வியாபாரியிடம் வாங்கிய வண்டி சில நாளிலேயே பழுதாகி, அவர் பொறுப்பேற்க மறுத்தால் மனம் தளர வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக அங்கு வழக்கறிஞர் வாதாட இடமில்லை. நாமே நம் குறையைக் கூறலாம். கோரக்கூடிய தொகையின் வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தனிமனிதரிடம் நேரடியாக வாங்கிய காருக்கு இவ்வழி இல்லை. ரசீது, விளம்பரம், கைப்பேசிச் செய்தி, மெக்கானிக்கின் அறிக்கை ஆகியவையே நம் சான்றுகள்; அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

வறட்சி கண்ட மரத்திற்கு ஓய்வு கொடுத்துக் காப்பதுபோல், தடுமாறும் காரையும் அன்றே நிறுத்திக் காப்போமாக.

பயிற்சி வினாக்கள்

1. கியர் எண்ணெய் குறைந்தால் அதன் பொருள் யாது?

2. முன்சக்கரங்கள் இழுக்கும் ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாதது ஏன்?

3. செப்பனிடுவதா, விற்பதா என்பதை எவ்வாறு கணக்கிடுவீர்கள்?

4. உங்கள் காரின் கியர் எண்ணெய் எந்த வகை? அது கடைசியாக மாற்றப்பட்ட நாள் எது? (விடையைக் கையேட்டிலும் ரசீதிலும் தேடி எழுதுக.)