மருந்தேற்றிய பின் வரும் கை கால் விறைப்பு

புற்றுநோய்க்கு மருந்தேற்றிய சிலருக்கு விரல்நுனியில் விறைப்பும், ஊசி குத்துவது போன்ற உணர்வும், உள்ளங்காலில் எரிவும் உண்டாகின்றன. சட்டைப் பொத்தானைப் பூட்ட முடிவதில்லை. செருப்புக் கழன்றாலும் தெரிவதில்லை. நோய் திரும்பிவிட்டதோ எனப் பலர் அஞ்சுகின்றனர். பெரும்பாலும் அப்படியல்ல. வின்கிறிஸ்டின், பக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் புற்றுநோய்க் கலங்களோடு நரம்புகளையும் தாக்குகின்றன. நீளமான நரம்புகள் முதலிற் பாதிக்கப்படுவதால் தொல்லை கால்விரல்களில் தொடங்குகிறது.

இவற்றுள் வின்கிறிஸ்டின், எமது முற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூவிலிருந்து (நித்தியகல்யாணி) எடுக்கப்படுவது. மூலிகை என்றால் தீங்கில்லை என்போருக்கு இச்செடியே மறுமொழி. அதை வீட்டில் அவித்துக் குடிப்பது ஆபத்தானது.

பரியாரியாரிடம் போகலாமா?

போகலாம். சித்த, ஆயுர்வேத முறைகள் இவ்விறைப்பை வாதத்தோடு சேர்த்துப் பார்க்கின்றன. இளஞ்சூடான நல்லெண்ணெயை மெதுவாகத் தடவுவது இதமளிக்கும். தோல் வெடிப்பும் குறையும். புண், வீக்கம், கதிர்ச்சிகிச்சை பெற்ற தோல் ஆகியவற்றில் பூசக்கூடாது. ஒத்தடத்தில் மிகுந்த கவனம் தேவை. விறைத்த கால் சூட்டை அறியாது; வேறொருவர் தம் முழங்கையாற் சூடு பார்க்கவேண்டும்.

உள்ளே எடுக்கும் மருந்து வேறு விடயம். பற்பம், செந்தூரம் சிலவற்றில் இரசம், ஈயம், பாஷாணம் இருக்கலாம். இவையே நரம்பைக் கெடுப்பவை. சில மூலிகைகள் ஏற்றும் மருந்தின் வேலையையும் மாற்றிவிடும். ஆகவே சரையை வைத்தியசாலை வைத்தியருக்குக் காட்டுங்கள். ஏற்றும் மருந்தின் பெயரைப் பரியாரியாருக்குச் சொல்லுங்கள். எவரிடமும் மறைக்கவேண்டாம்.

நாம் செய்யவேண்டியவை

1. விறைப்புத் தொடங்கியதுமே வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், வலிக்குக் குளிசை தரலாம். நீங்களாகவே சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.
2. வயலிலும் முற்றத்திலும் வெறுங்காலுடன் நடக்கவேண்டாம். இரவில் உள்ளங்காலைப் பார்த்து, முள், கொப்புளம், வெட்டுக்காயம் உண்டா எனத் தேடுங்கள்.
3. அடுப்பிலிருந்து பானையைத் துணி பிடித்தே இறக்குங்கள்.
4. திடீரெனக் கால் பலமிழந்தால், சிறுநீர் அடைபட்டால், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
5. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையிலிட்டு வையுங்கள். இடம்பெயர்ந்த எமக்கு அது காணி உறுதியைப் போன்றது. எந்த மருந்து, எத்தனை தடவை ஏற்றப்பட்டது என்பதைப் புதிய வைத்தியர் அதிலிருந்தே அறிவார்.

விறைப்பு ஆறப் பல மாதங்கள் செல்லலாம். சிலருக்கு மருந்து முடிந்த பின்னும் சிறிது காலம் கூடும். பொறுமை தேவை.

கலந்துரையாடுவோம்: எமது குடியிருப்பில் இவ்வாறு சிகிச்சை பெறுவோருக்கு, வயல் வேலையில் யார், எவ்வாறு கைகொடுக்கலாம்?