மழைக் கோடும் மக்கட் குடியிருப்பும்

பூகோள வகுப்பிலே சுவரில் தொங்கும் உலகப் படத்தை நோக்கும் மாணாக்கர்க்கு ஒரு மயக்கம் உண்டாதல் இயல்பு. ஒரு தேசம் முழுவதற்கும் ஒரே வர்ணம் தீட்டப்பட்டிருத்தலின், அத்தேசத்து ஜனங்களும் அவ்வர்ணம் போலவே எல்லை முதல் எல்லை வரை பரவி வாழ்கின்றனர் என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. கானடா தேசத்தாரிற் பெரும்பாலோர் அதன் தென்னெல்லையை அடுத்த ஒடுங்கிய பட்டையிலேயே வாழ்கின்றனர். 1935ஆம் வருஷத்தில் ஹூ ஹுவான்யோங் என்னும் சீனப் பூகோள ஆசிரியர், தம் தேசப் படத்தின் குறுக்கே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு கோடு இழுத்து, அதற்குக் கிழக்கே உள்ள நிலம் 100க்கு 36 பங்கு, அங்கே வாழும் ஜனங்களோ 100க்கு 96 பங்கு எனக் காட்டினார். பெருந்தேசங்கள் யாவற்றிலும் இத்தகைய கோடுகள் கண்ணுக்குப் புலனாகாமற் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரு கட்டுரையில் அடக்குதல் இயலாது. ஆகலின் ஆஸ்திரேலியா ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். அங்குள்ள கோடு காகிதத்தில் வரையப்பட்டது மாத்திரமன்று. அதனை மதியாது கடந்தவர்கள் வீடு வாசல்களை இழந்து திரும்பிய வரலாறும் உண்டு.

ஆஸ்திரேலியாவின் பரப்பு ஏறக்குறைய 30 லக்ஷம் சதுர மைல். இந்தியாவைப் போல இரண்டேகால் மடங்கிற்கும் சிறிது மிகும். 2021ஆம் வருஷக் குடிமதிப்பின்படி ஜனத்தொகையோ 2½ கோடியளவே. இந்தச் சிறு தொகையினரும் விரிந்து பரவி வாழ்கின்றனர் என்றால் அதுவும் இல்லை. ஸிட்னி, மெல்போர்ன் என்னும் இரண்டு நகரங்களில் மாத்திரம் தேசத்தின் ஜனங்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் அடங்குகின்றனர். 100க்கு 85 பேருக்குக் குறையாதவர் கடற்கரையிலிருந்து முப்பது மைலுக்குள் வசிக்கின்றனர். உள்நாடோ பல நாள் பிரயாணம் செய்தாலும் ஊர் ஒன்றும் எதிர்ப்படாத வெளி.

இதற்குக் காரணம் யாது? அக்கண்டத்தின் நடுப்பகுதி, பூமியைச் சுற்றிலும் காற்றழுத்தம் மிகுந்திருக்கும் வளையத்தின்கீழ் அமைந்திருக்கின்றது. அங்கே வானிலிருந்து காற்று கீழ்நோக்கி இறங்குகின்றது. இறங்கும் காற்று சூடேறி உலருமேயன்றி மேகமாய்த் திரளாது. கிழக்குச் சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் வியாபாரக் காற்றையோ, கரையோரமாகவே நீண்டு கிடக்கும் மலைத்தொடர் தடுத்து, மழையைத் தன் கிழக்குச் சரிவிலேயே பெய்வித்துவிடுகின்றது. உள்நாட்டிலே மேகத்தைத் தடுத்து நிறுத்தி நீரைச் சேர்த்துவைக்கும் இமயம் போன்ற மலை இல்லை. கண்டத்தின் உயர்ந்த சிகரமாகிய காஸியஸ்கோ 7,310 அடிதான். அதாவது நமது தொட்டபெட்டாவிலும் தாழ்ந்தது. அதுவும் தென்கிழக்கு மூலையில் ஒதுங்கி நிற்கின்றது. இவற்றோடு மண்ணும் மிகப் பழைய மண். எரிமலைச் சாம்பலோ பனியாறு அரைத்த வண்டலோ அதனைப் பெரும்பாலும் புதுப்பித்ததில்லை.

இனிக் கோட்டின் வரலாற்றுக்கு வருவோம். தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றத்தில் 1861 முதல் சர்வேயர் ஜெனரலாக இருந்தவர் ஜார்ஜ் கோய்டர் என்பவர். 1864, 1865ஆம் வருஷங்களில் வடபுறத்து ஆட்டுப் பண்ணைகளில் மழை பொய்த்து ஆடுகள் மடிந்தன. பண்ணைக்காரர் குத்தகையைக் குறைக்குமாறு முறையிட்டனர். வறட்சி எதுவரை பரவியுள்ளது என்று கண்டுவரும்படி அரசாங்கத்தார் கோய்டரைப் பணித்தனர். 1865 நவம்பர் மாதத்தில் அவர் குதிரையேறிப் புறப்பட்டார். டிஸம்பர் மாதத்திலேயே தம் அறிக்கையையும் படத்தையும் கொடுத்துவிட்டார்.

இதில் வியக்கத்தக்கது அவர் கையாண்ட முறையே. அப்பக்கங்களில் நெடுங்கால மழைக் கணக்கு கிடையாது. ஆகவே அவர் செடிகொடிகளைப் பார்த்தார். மாலி என்னும் யூகலிப்டஸ் புதர்கள் மறைந்து, சாம்பல் நிறமான உவர்ச்செடிகள் எங்கே தொடங்குகின்றனவோ அங்கே கோட்டை இழுத்தார். ஒரு வருஷத்து மழை மனிதரை ஏமாற்றலாம். பல நூறு வருஷங்களாக அம்மண்ணிலே வேரூன்றி நின்ற செடியினம் ஏமாற்றாது என்பது அவர் கொண்ட கருத்து. பிற்காலத்தில் மழைக் கணக்குகள் சேர்ந்தபோது, அவருடைய கோடு வருஷத்திற்கு 12 அங்குல மழை பெய்யும் எல்லையோடு பெரிதும் ஒத்திருக்கக் கண்டனர். கோட்டிற்குத் தெற்கே கோதுமை விளையலாம், வடக்கே ஆடு மேய்க்கலாம், ஏர் பூட்டலாகாது.

1872ஆம் வருஷத்துச் சட்டம் இக்கோட்டை ஏற்று, தவணைமுறையில் பயிர்நிலம் விற்பதை அதற்குத் தெற்கே வரையறுத்தது. ஆனால் அந்த வருஷங்களில் மழை நன்றாய்ப் பெய்தது. கோட்டிற்கு வடக்கேயும் புல் முழங்காலளவு வளர்ந்து நின்றது. நிலம் தேடிய குடியானவர்கள், "இவ்வளவு பசுமையான பூமியை உழவேண்டாமென்று சொல்ல இவர் யார்?" என்று கேட்கலாயினர். ஏர் செல்லுமிடத்திற்கு மழை பின்தொடர்ந்து செல்லும் என்பதொரு கொள்கையும் அக்காலத்தில் உலவிற்று. உழுத நிலம் ஈரத்தை வானுக்கு விடுமென்றும், அதனால் மேகம் கூடுமென்றும் அறிந்தோர் எனப்பட்டவரும் பேசினர். அமெரிக்காவின் மேற்குப் புறத்துச் சமவெளிகளிலும் இதே கொள்கை பலரைக் கெடுத்ததுண்டு. 1874இல் சட்டம் திருத்தப்பட்டுக் கோடு தள்ளப்பட்டது. வடக்கே ஊர்கள் அளக்கப்பட்டன, தெருக்களுக்குப் பெயரிடப்பட்டது, மனைகள் விற்கப்பட்டன.

அவ்வூர்களில் ஒன்றன் பெயர் பரீனா. லத்தீன் பாஷையிலே இச்சொல்லுக்கு மாவு என்பது பொருள். முன்னே வேறு பெயரால் வழங்கிய அவ்விடம், கோதுமை விளைந்து மாவாகிக் குவியும் என்னும் நம்பிக்கையால் 1878இல் இப்பெயர் பெற்றது. அடிலெய்ட் நகரிலிருந்து சாலைவழி ஏறக்குறைய 400 மைல் வடக்கே, கோய்டரின் கோட்டைக் கடந்து நெடுந்தொலைவிலுள்ள அவ்வூரில் வருஷ மழை 8 அங்குலத்திற்கும் குறைவு. அங்கே கோதுமை விளையவில்லை. 1880 முதல் 1882 வரை வறட்சி மீண்டும் வந்தது. கோட்டிற்கு வடக்கே சென்ற குடியானவரிற் பலர் விதைத்த விதையையும் திரும்ப எடுக்கவில்லை. மண் காற்றோடு எழுந்து பறந்தது. தவணைக் கடன் மாத்திரம் நின்றது. வண்டிகளிலே தட்டுமுட்டுகளை ஏற்றிக்கொண்டு தெற்கே திரும்பினர். குவார்ன், ஹாக்கர் என்னும் ஊர்களுக்கிடையே செல்லும் பிரயாணிகள் கூரையிழந்து நிற்கும் கல்வீடுகளை இன்றும் காணலாம். பரீனாவும் பாழூராயிற்று. அங்கே நிலத்தினடியில் அமைந்த ரொட்டி அடுப்பு ஒன்றை இக்காலத்தில் தொண்டர்கள் செப்பனிட்டு, வருஷத்தில் சில வாரங்கள் ரொட்டி சுடுகின்றனராம். மாவு வேறிடத்திலிருந்து வருவது.

இவ்விடத்தில் மாணாக்கர் கருதவேண்டுவது சராசரி என்னும் சொல்லை. ஓரூரில் நான்கு வருஷங்களில் முறையே 18, 17, 8, 5 அங்குலம் மழை பெய்ததென்று கொள்வோம். சராசரி 12 அங்குலம். மற்றோரூரில் 13, 12, 12, 11 அங்குலம். அதற்கும் சராசரி 12தான். பின்னையதில் குடியானவன் வருஷந்தோறும் அறுவடை செய்வான். முன்னையதில் முதலிரண்டு வருஷங்களில் வீடு கட்டுவான். பின்னிரண்டு வருஷங்களில் அதனை விட்டுப் போவான். மழையின் அளவைக் காட்டிலும் அது தவறாது வருதலே குடியிருப்பை நிறுத்துகின்றது. கோய்டர் செடிகளிடம் கேட்டறிந்தது இதனையே. நல்ல வருஷங்கள் முன்னே வந்ததுதான் அம்மக்களுக்கு நேர்ந்த கேடு. தீய வருஷங்கள் முன்னே வந்திருப்பின் அவர்கள் அங்கே சென்றிருக்கவே மாட்டார்கள்.

உண்மை கூறினாரைத் தேசத்துரோகி போல நடத்தும் வழக்கம் அத்தோடு நிற்கவில்லை. ஸ்காட் என்பாருடைய தென்துருவ யாத்திரையிற் சென்று திரும்பியவரும், 1920இல் ஸிட்னி சர்வகலாசாலையில் பூகோளத் துறைக்கு முதல் தலைவராக அமர்ந்தவருமாகிய கிரிபித் டெய்லர், உள்நாட்டின் பெரும்பகுதி குடியேற்றத்திற்கு உதவாது என்று எழுதினார். ஆஸ்திரேலியாவில் 10 கோடி, 20 கோடி ஜனங்கள் வாழலாம் என்று மனம்போனவாறு பிறர் கணக்கிட்டுவந்த காலம் அது. இவரோ அந்நூற்றாண்டின் முடிவில் ஜனத்தொகை 2 கோடியளவே ஆகும் என்றார். வறண்ட நிலம், பாலைவனம் என்னும் சொற்களை வழங்கியதற்காக அவருடைய பாடநூல் மேற்கு ஆஸ்திரேலியாவில் விலக்கப்பட்டது. ஒரு சொல்லைப் புத்தகத்திலிருந்து நீக்கினால் அச்சொல்லின் பொருளும் நிலத்திலிருந்து நீங்குமென எண்ணினர் போலும்! டெய்லர் 1928இல் அத்தேசத்தை விட்டுச் சிக்காகோவுக்குச் சென்றார். 2000ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் ஜனத்தொகை ஏறக்குறைய 1 கோடியே 90 லக்ஷம்.

இவ்வளவும் படித்தபின், நிலமும் சீதோஷ்ணமுமே யாவற்றையும் முடிவு செய்கின்றன என்று ஒருவர் துணிந்துவிடலாம். அங்ஙனம் துணிதலும் பிழையே. வடகரையிலுள்ள டார்வின் நகரத்தைக் கருதுக. பூமத்திய ரேகைக்கு நமது சென்னை எவ்வளவு வடக்கோ, ஏறக்குறைய அவ்வளவு தெற்கே அது இருக்கின்றது. சென்னையிலும் அங்கே மழை மிகுதி. வருஷத்திற்கு 65 அங்குலத்திற்கு மேல். அந்நகரைத் தலைநகராகவுடைய வட பிரதேசம் தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பரப்புடையது. தமிழ்நாட்டில் 2011ஆம் வருஷக் குடிமதிப்பில் 7 கோடியே 21 லக்ஷம் பேர். வட பிரதேசத்திலோ 2021இல் 2½ லக்ஷத்திற்கும் குறைவு. இந்த வேற்றுமைக்கு இயற்கை கூறும் காரணங்கள் சில உண்டு. அங்கே மழை நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொட்டிவிட்டு, மற்ற மாதங்களில் முற்றும் மறைந்துவிடும். மண்ணின் சத்தை அம்மழையே கரைத்துக் கொண்டுபோய்விடும். காவிரி போல வேறோரிடத்து மழையையும் வண்டலையும் கொண்டுவந்து கொடுக்கும் ஆறும் அங்கே இல்லை. 1950களில் டார்வினை அடுத்த ஹம்ப்டி டூ என்னுமிடத்தில் அணை கட்டிப் பெருமுதலிட்டு நெல் பயிரிட முயன்றனர். நீர்ப்பாசனம் கருதியவாறு அமையவில்லை. காட்டு வாத்துக்கள் கூட்டங் கூட்டமாய் இறங்கிப் பயிரை அழித்தன. சில வருஷங்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

எனினும் இயற்கையின்மேல் மாத்திரம் பழி சுமத்துதல் நேர்மையன்று. 1880களில் அப்பிரதேசத்தில் ஐரோப்பியரினும் சீனரே பலர். 1901இல் இயற்றப்பட்ட குடியேற்றத் தடைச் சட்டம், ஆசியா கண்டத்தார் அத்தேசத்தில் வந்து குடியேறுவதைத் தடுத்தது. அக்கொள்கை 1973இல்தான் முற்றும் நீங்கியது. வெப்பத்தைத் தாங்கி உழைக்கப் பழகியவர்களைச் சட்டத்தால் தடுத்துவிட்டு, வெப்பத்தால் அந்நிலம் வெறிதாய்க் கிடக்கின்றது என்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்?

மனிதமுயற்சி நிலத்தை வென்ற இடமும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் கால்கூர்லி என்னுமிடத்தில் 1893இல் பொன் கண்டெடுக்கப்பட்டது. ஜனங்கள் திரண்டனர், குடிக்கும் நீர் இல்லை. ஓகானர் என்னும் எஞ்சினீயர், பெர்த் நகரத்தருகே அணை கட்டி, அங்கிருந்து எட்டு நீரேற்று நிலையங்களின் துணையால் ஏறக்குறைய 350 மைல் தூரம் குழாய்வழி நீர் கொண்டுசெல்லத் திட்டமிட்டார். பத்திரிகைகள் அவரை வசைபாடின. மனமுடைந்த அவர் 1902 மார்ச்சு மாதத்தில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் நீர் கால்கூர்லியை அடைந்தது. இன்றும் ஏறக்குறைய 30,000 பேர் அந்நீரைக் கொண்டே அங்கு வாழ்கின்றனர். பொன்னின் விலை குழாயின் செலவைத் தாங்கிற்று. கோதுமையின் விலை தாங்கியிராது.

நம் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அவற்றிற்கேற்ற தொழிலைக் கருப்பொருள்களில் ஒன்றென்றும் வகுத்தனர். நிலம் மக்கள் வாழத்தக்கதா என்று கேட்பதற்கு முன்னே, எத்தொழில் செய்து வாழ்வதற்கு என்று கேட்டல் வேண்டும். கோய்டர் இழுத்தது கோதுமைக்கு எல்லை, மனிதருக்கு எல்லையன்று. கோட்டிற்கு வடக்கே, பிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வடபாகத்தில், வாரட்யி என்னும் பாறைக்குகை ஒன்றுளது. அங்கே ஏறக்குறைய 49,000 வருஷங்களுக்கு முன்னரே மனிதர் வசித்தனர் என்பதை 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி நிறுவியது. குடியானவர் நான்கைந்து வருஷமும் நிற்க இயலாத அந்தப் பூமியிலே அவ்வாதிக்குடிகள் எண்ணிறந்த தலைமுறைகள் வாழ்ந்தனர். பாறைக் குழிகளில் தேங்கும் நீர் எம்மாதத்தில் வற்றும், மணலைத் தோண்டினால் ஊற்று எங்கே சுரக்கும், எந்த மழைக்குப்பின் எப்பக்கம் செல்லவேண்டும் என்பவற்றை அறிந்து, சிறு கூட்டங்களாய் இடம்விட்டு இடம் பெயர்ந்தனர். அறிக்கைகளிலும் படங்களிலும் வெற்றிடம் எனக் குறிக்கப்பட்ட நிலம் வெற்றிடமன்று. வேலி போட்டு ஓரிடத்தில் நிலைத்திருக்க விரும்பினவர்களுக்கே அது வெற்றிடமாய்த் தோன்றிற்று.

தெற்கு ஆஸ்திரேலியச் சாலைகளில் கோய்டரின் கோட்டைக் காட்டும் அடையாளங்கள் இப்போது நாட்டப்பட்டிருக்கின்றன. தென் ஆஸ்திரேலியப் பகுதிகளில் குளிர்கால மழை குறைந்துவருதலின், அக்கோடு தெற்கே நகரும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுகின்றனர். அடையாளங்கள் இன்னும் இருந்தவிடத்திலேயே நிற்கின்றன. அவற்றிற்குச் சற்றுத் தெற்கே உள்ளவர்கள் இவ்வருஷமும் கோதுமை விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருப்பார்கள்.