வேப்பிலை தின்றாலும் புழு போகாது

அய்யலூர் வியாழன் சந்தையில் நின்றாலும், வேடசந்தூர்ப் பக்கம் ஏதாவது பட்டிக்குப் போனாலும், இந்த மழைக்காலம் முழுக்க ஒரே பேச்சுதான். “தினம் ரெண்டு கொத்து வேப்பிலை கட்டிவிடுங்க, புழு மருந்தே வேண்டாம். ஆப்பிரிக்காவுல சோதிச்சே சொல்லிட்டாங்க.”

கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன்: சோதித்தது உண்மை. சொன்னது இதற்கு நேர் எதிர்.

கென்யாவின் கால்நடை மேய்ப்பவர்கள் புழுவுக்குக் கொடுக்கும் 7 தாவரங்களைக் கிதியோரி என்ற ஆய்வாளரின் குழு செம்மறிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2004-ல் முடிவை வெளியிட்டது. வேம்பு, சீத்தா, நம் மலையடிவாரத்து விராலி வகை ஆகியவையும் அந்த ஏழில் உண்டு. புழுக்கையில் முட்டை எண்ணிக்கை 70 சதவீதமாவது குறைந்தால்தான் பயன் என்று அளவு வைத்தார்கள். ஒன்றுகூட அதை எட்டவில்லை.

அவர்கள் குறிவைத்த ஹீமாங்கஸ் புழுதான் நம் ஆடுகளையும் கொல்கிறது. நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு, ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. ஒரு குட்டி எத்தனை நாள் தாங்கும்? பெண் புழு ஒவ்வொன்றும் நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். வேப்பங்கொத்தை நம்பி நீங்கள் காத்திருக்கும் பத்து நாளில் மேய்ச்சல் நிலம் முழுவதும் புழு பரவிவிடும்.

ஆய்வகத்தில் வேப்பஞ்சாறு புழு முட்டையைப் பொரியவிடாமல் செய்வதாகக் காட்டும் ஆய்வுகள் உண்டு. கண்ணாடித் தட்டில் நடந்தது அது. ஆட்டுக்குள்ளோ, பல லிட்டர் தீனியும் நீரும் நுண்ணுயிரும் நிறைந்த முதல் வயிற்றைத் தாண்டித்தான் சாறு புழுவை எட்ட வேண்டும். கென்யாவிலேயே, நம் வாகையின் உறவான ஒரு மரத்தின் பட்டை சம்புரு பகுதிச் செம்மறிகளில் நல்ல பலன் தந்தது. வேறொரு சோதனையில் பொய்த்தது. இப்படி மாறி மாறி நடப்பதை நம்பி ஆட்டின் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

மற்ற நம்பிக்கைகள்:

“புழுக்கையில் புழு தெரியலை, அதனால் புழு இல்லை.” அரிசி போல வெளியே தெரிவது நாடாப்புழுவின் துண்டு. இரத்தம் குடிப்பது வயிற்றுக்குள் இருக்கும். அதன் முட்டை நுண்ணோக்கியில்தான் தெரியும்.

“சினை ஆட்டுக்கு மருந்தே கூடாது.” சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கூடாது. வேறு மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரைக் கேளுங்கள்.

“செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஒரே அளவு.” தவறு. வெள்ளாட்டின் உடல் மருந்தை வேகமாகச் சிதைக்கும். குறைந்த அளவில் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

ஆப்பிரிக்காவிடமிருந்து கற்க வேண்டுமென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா முறையில் செலவே இல்லை. வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, கீழ் இமையை விரலால் இறக்கி உள்பக்க நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பா, மருந்து வேண்டாம். வெளிறியிருக்கிறதா, கீழ்த்தாடை தொங்கி வீங்கியிருக்கிறதா, அன்றே மருந்து. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க இம்முறைக்கென உள்ள அட்டையில் ஐந்து நிறப் படிகள் உண்டு; ஒருமுறை மருத்துவரிடம் பழகிக்கொண்டால் போதும்.

மாதம் தவறாமல் மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றுகிறவர்களுக்கும் இதே திட்டுதான். அப்படிச் செய்துதான் மருந்துக்கு மசியாத புழுக்களைத் தமிழ்நாட்டுப் பட்டிகளில் வளர்த்துவிட்டோம்.

மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமை பாருங்கள். சந்தேகமானால் புதுப் புழுக்கையை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும், எடை போட்டு மருந்து கொடுங்கள். வேப்பிலையைத் தீனியாகத் தாராளமாகப் போடுங்கள். மருந்தென்று மட்டும் நம்பாதீர்கள்.