பச்சை டிக் எந்த உபுண்டுவுக்கு?

அன்புள்ள தங்கைக்கு,

லேப்டாப்பில் ஓடுகிற பில்ட் சிஐ-யில் மட்டும் விழுகிறது, மூன்று நாளாக நிரலில் பிழை தேடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நிரலை விடு. இயங்குதளத்தின் பதிப்பையும் கம்பைலரின் பதிப்பையும் லாக்கில் அச்சிட, ஜாப்பின் தொடக்கத்தில் இரண்டு வரிகள் சேர்.

இதில் நான் பட்டவள். 2015 வாக்கில் நாங்கள் நம்பியிருந்த சிஐ சேவை உபுண்டு 12.04 மட்டுமே கொடுத்தது. அதில் இருந்தது ஜிசிசி 4.6. 'சி++11' என்று ஆப்ஷன் கொடுத்தால் அந்தக் கம்பைலருக்குப் புரியாது, 4.7-இல்தான் அந்தப் பெயரே வந்தது. வெளி பிபிஏ ஒன்றிலிருந்து புதுக் கம்பைலர் இறக்கினேன். அதற்கேற்ற லைப்ரரி வேண்டியிருந்தது, அதையும் இறக்கினேன். பிறகு சிமேக். டெஸ்ட்கள் தேறின, மகிழ்ந்தேன். வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது: நான் சோதித்தது 12.04-உம் இல்லை, 14.04-உம் இல்லை. எந்தப் பயனரிடமும் இல்லாத ஓர் உபுண்டுவை நானே ஒட்டுப்போட்டுச் செய்து, அதில் தேறியதற்குப் பச்சை டிக் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஒட்டுப்போடாதே. பயனர்களிடம் இருக்கும் பதிப்புகளை அப்படியே கன்டெய்னரில் எடுத்து ஓட்டு.

பழையது என்றாலே ஒதுக்கிவிடவும் வேண்டாம். சி லைப்ரரியான ஜிலிப்சி பின்னோக்கித்தான் பொருந்தும். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35, 20.04-இல் 2.31, புதியதில் கட்டிய பைனரி பழையதில் கிளம்பாமல் போகலாம், பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும். பைத்தான் தொகுப்புகளுக்கான மெனிலினக்ஸ்2014 தரம் வேண்டுமென்றே சென்ட்ஓஎஸ் 7-ஐ அடித்தளமாகக் கொண்டது இதனால்தான். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வை. பழையதில் கட்டுவது நீ தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். காரணத்தை, பதிப்பைக் குறிப்பிடும் வரிக்கு மேலேயே கமென்டாக எழுது.

'உபுண்டு-லேட்டஸ்ட்' என்று விட்டுவைக்காமல் எண்ணைக் குறிப்பிடு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் அந்தப் பெயர் 2025 தொடக்கத்தில் 22.04-இலிருந்து 24.04-க்கு நகர்ந்தபோது, ஒரு வரிகூட மாற்றாதவர்களின் பில்டுகளும் விழுந்தன. எண் போட்டாலும் அது நிரந்தரமில்லை: 20.04 அங்கே 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது. நீக்குவதற்கு முன் சில மணி நேரங்கள் வேண்டுமென்றே ஜாப்களை நிறுத்திக் காட்டினார்கள். அப்படி விழும் ஜாப்பை மறுபடி ஓட்டிவிட்டு மறந்துவிடாதே. உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது, வழக்கமான ஆதரவு ஐந்தாண்டு. ஆதரவு முடியும் தேதியை இன்றே காலண்டரில் குறிக்கலாம்.

அந்த இரண்டு வரிகளும் என்ன காட்டுகின்றன என்று இன்றிரவே எனக்கு அனுப்பு. விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா