அடுத்த வரி எது? செனாயில் வழங்கும் சில நம்பிக்கைகளும் அவற்றின் உண்மைகளும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் நெருங்க நெருங்க, கூலாய் மாவட்டத்துச் செனாயில், காலையில் பசியாறும் கடைகளிலும், தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் வாசல்களிலும், விடியுமுன்பே மோட்டார் சைக்கிளேறி ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளிலும் ஒரே பிரஸ்தாபந்தான் நடக்கிறது: அரசாங்கம் அடுத்தபடியாக எதற்கு வரி போடப்போகிறது? நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் எழுந்து நின்று வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, அவரவர் மனத்திலுள்ள அச்சத்துக்கேற்ற ஒரு வரி அவரவர் வாயில் பிறந்து, காலையில் சந்தேகமாயிருந்தது மாலையில் நிச்சயமாகி, மறுநாள் தேதியோடும் சதவீதத்தோடும் தாமான் தாமானாக உலவத் தொடங்கிவிடுகிறது.

இந்த அச்சம் காரணமற்றது என்று சொல்லிவிட முடியாது. பத்தே ஆண்டுகளில் இந்நாட்டுப் பிரஜைகள் கண்ட அனுபவம் அத்தகையது. 2015 ஏப்ரல் முதல் தேதி 6 சதவீதப் பொருள் சேவை வரியாகிய ஜி.எஸ்.டி. வந்தது, 2018 மே மாதப் பொதுத் தேர்தலில் ஆட்சி மாறியதும், ஜூன் முதல் தேதியிலிருந்து அதன் விகிதம் பூஜ்யமாக்கப்பட்டது, மூன்று மாதங்கழித்துப் பழைய விற்பனை வரியும் சேவை வரியும் எஸ்.எஸ்.டி. என்ற பெயரோடு திரும்பி வந்தன. 2024 ஜனவரியில், இணையத்தின் வழி வாங்கப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத அயல்நாட்டுப் பொருள்களுக்கு 10 சதவீத வரி ஏற்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சேவை வரி 6 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாயிற்று. 2025 ஜூலையில் அவ்வரியின் எல்லை வணிக வாடகை, கட்டுமானம், நிதிச் சேவை முதலியவற்றுக்கும் விரிந்தது. இத்தனை மாற்றங்களையும் தன் சம்பளப் பணத்தில் உணர்ந்து பார்த்த குடும்பத் தலைவன் ‘இன்னும் என்ன வருமோ’ என்று கேட்பது மனித சுபாவமே. இலங்கையில், 1848ஆம் ஆண்டு, கவர்னர் டாரிங்டன் பிரபுவின் சர்க்கார் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் தோணிக்கும் வரி விதித்து, சாலை வேலைக்கென்று ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்போ அதற்கீடான பணமோ கேட்டபொழுது, மாத்தளையிலும் குருநாகலிலும் ஜனங்கள் கிளர்ந்தெழுந்த சரித்திரத்தை அறிந்தவர்கள், வரி பற்றிய பேச்சை அற்பப் பேச்சென்று ஒதுக்கமாட்டார்கள்.

ஆயினும், வராத வரிக்கு அஞ்சிச் செய்யும் காரியத்தினால் ஒரு குடும்பத்துக்கு உண்டாகும் நஷ்டம், சில சமயங்களில், வந்த வரியினால் உண்டாகும் நஷ்டத்திலும் பெரிதாயிருக்கிறது. அதனாலேயே ஊரில் மிகுதியாக வழங்கும் நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே எடுத்துச் சோதிக்கத் துணிகிறேன்.

அவற்றுள் மிகவும் துன்பம் விளைப்பது இது: “பெற்றோர் இறந்துபோனால் வீட்டின் மதிப்பில் ஒரு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், ஆகையால் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட வேண்டும்.” உண்மை என்னவென்றால், மலேசியாவில் இன்று மரபுரிமை வரி என்பதே கிடையாது. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலிக்கப்பட்டு வந்த மரணச் சொத்து வரி 1991 நவம்பர் முதல் தேதியோடு நீக்கப்பட்டுவிட்டது. நீக்கப்படுங் காலத்திலும் அது 20 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட சொத்து வைத்திருந்தோரையே தொட்டது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்வெட்டி, மிச்சம் பிடித்து, தாமானில் ஒரு வீடு வாங்கிய எந்தத் தமிழ்க் குடும்பத்தையும் அது நெருங்கியிருக்க நியாயமில்லை. அண்டை நாடாகிய சிங்கப்பூர் 2008இலும், இந்தியா அதற்கு வெகு முன்பே 1985இலும் இத்தகைய வரியை ரத்து செய்துவிட்டன. 2018இல் ஆட்சி மாறியபின், முதல் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் இந்த வரி திரும்பப் போகிறதென்ற ஊகம் நாடெங்கும் பரவியது. அத்திட்டத்தில் அது வரவில்லை. அதன்பின் இயற்றப்பட்ட எந்தச் சட்டத்திலும் வரவில்லை. இறந்தவரின் வீட்டை வாரிசின் பெயருக்கு மாற்றும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 10 வெள்ளிதான்.

இதில் நான் அதிகம் நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்த வதந்தியை நம்பிய முதியோர், தாங்கள் குடியிருக்கும் ஒரே வீட்டை அவசர அவசரமாகப் பிள்ளையின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அவன் வியாபாரத்தில் கடன்பட்டால் அந்த வீடும் கடன்காரர் கைக்குப் போகக்கூடும். அவனுடைய விவாகம் முறிந்தால் அந்த வீடும் வழக்கில் சேரக்கூடும். அவன் பெற்றோருக்கு முன்னே காலமானால், கட்டிய வீட்டிலேயே அவர்கள் மற்றவர் தயவில் இருக்க நேரும். ஓர் உயில் எழுதி வைத்திருந்தால் இவற்றுள் ஒன்றும் நேராது. உயில் இல்லாவிட்டாலுங்கூட, முஸ்லிமல்லாதாரின் சொத்து 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தின்படி கணவன், மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோருக்கே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அவர்கள் இருக்கையில் அரசாங்கம் அதில் பங்கு கேட்பதில்லை. இல்லாத வரிக்கு அஞ்சி, இருக்கும் ஒரே சொத்தின்மீதுள்ள அதிகாரத்தைக் கைவிட வேண்டாமென்று ஒவ்வொரு முதியவரையும் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

இரண்டாவது நம்பிக்கை செனாய்க்கும் கூலாய்க்கும் ஸ்கூடாய்க்கும் விசேஷமாக உரியது: “சிங்கப்பூரில் சம்பாதிக்கும் சம்பளத்தை இங்கே கொண்டுவந்தால் இங்கேயும் வரி கட்ட வேண்டும்.” இதற்கு ஒரு வித்து உண்டு. 2021 அக்டோபர் 29ஆம் தேதி, அப்போதைய நிதியமைச்சர் தெங்கு சப்ருல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், மலேசியாவில் வசிப்போர் வெளிநாட்டிலிருந்து பெறும் வருமானத்துக்கு நெடுங்காலமாக இருந்துவந்த விலக்கு, 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து நீங்குமென்று அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் பாலத்தில் மணிக்கணக்காகக் காத்து நின்று பிழைக்கும் தொழிலாளி அதைக் கேட்டு நடுங்கியதில் வியப்பில்லை. ஆனால் அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் தேதியே, தனிநபர்களுக்கு அந்த விலக்கு 2026 முடிய நீடிக்குமென்று நிதியமைச்சு தெரிவித்தது. பின்னர், 2024 அக்டோபரில் படிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 2036 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. முதல் அறிவிப்பு மட்டும் ஊரில் தங்கிவிட்டது. பின்வந்த இரண்டும் பலர் செவிக்கு எட்டவே இல்லை. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சம்பளம் எந்த நாட்டு முதலாளி கொடுத்தது என்பதைக் காட்டிலும், வேலை எந்த மண்ணில் செய்யப்பட்டது என்பதையே சட்டம் பார்க்கிறது. ஆகவே, சிங்கப்பூர்க் கம்பெனியின் வேலையைச் செனாயில் தம் வீட்டிலிருந்தே கணினியின் முன் செய்கிறவர், அந்த வருமானத்தை வெளிநாட்டு வருமானமென்று கருதிக்கொண்டு வாளாவிருப்பது தவறு. அவர் உள்நாட்டு வருமான வாரியத்தை அணுகித் தம் நிலையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சேமநிதி ஈவுக்கும் வரி வந்துவிட்டதென்ற பீதியை விரைவில் தீர்த்துவிடலாம். 2025ஆம் மதிப்பீட்டாண்டிலிருந்து லாப ஈவுக்கு 2 சதவீத வரி வந்தது மெய்யே. அது தனிநபர் ஒருவர் கம்பெனிப் பங்குகளின் மூலம் ஓராண்டில் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் பெறும் ஈவுத் தொகையில், அந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மாத்திரமே உரியது. நூற்றுக்கு ஐந்து வீதம் ஈவு கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், அந்த எல்லையை எட்ட 20 லட்சம் வெள்ளிக்குப் பங்குகள் இருக்க வேண்டும். ஊழியர் சேமநிதி வாரியம் தரும் ஈவு இவ்வரியிலிருந்து விலக்குப் பெற்றது.

விமான நிலையம் நம்மூரில் இருப்பதனால், நாட்டை விட்டுப் புறப்படும் தீர்வையைப் பற்றியும் பல கதைகள். 2019 செப்டம்பரிலிருந்து வெளிநாடு செல்லும் விமானப் பிரயாணிகளிடம் இது வாங்கப்படுகிறது: சாதாரண வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 வெள்ளி, சென்னை, திருச்சி போன்ற பிற ஊர்களுக்கு 20 வெள்ளி. செனாயிலிருந்து கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ பறப்பவருக்கு இது இல்லை. பாலத்தைப் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் கடப்பவருக்கும் இல்லை. ஜொகூருக்குள் நுழையும் வாகனங்களிடம் 2016 நவம்பர் முதல் வாங்கப்படும் 20 வெள்ளிச் சாலைக் கட்டணமும் வெளிநாட்டுப் பதிவு வாகனங்களுக்கே உரியது.

உணவகத்துப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “சாப்பாட்டுக்குப் பதினாறு சதவீதம் அரசாங்கத்துக்குப் போகிறது” என்று வருந்துகிறவர்களைப் பார்க்கிறோம். அந்தச் சீட்டில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும். 10 சதவீதச் சேவைக் கட்டணம் என்பது உணவகத்தார் தாமே விதித்துத் தாமே வைத்துக்கொள்வது. அதில் ஒரு காசுகூட அரசாங்கக் கஜானாவுக்கு வரியாக உரியதன்று. மற்றது, சேவை வரி. 2024 மார்ச்சில் சேவை வரி 8 சதவீதமாக உயர்ந்தபோதும், உணவு, தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம், சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு அது 6 சதவீதமாகவே நின்றது. அதையும், ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிச் சுங்கத்துறையில் பதிவு பெற்ற உணவகமே வாங்கலாம். பதிவில்லாத கடை ‘வரி’ என்ற பெயரில் பணம் கேட்டால், அது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதியாகும். கடைக்காரரிடம் பதிவு எண்ணைக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு. அவ்வாறே, 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக அமலுக்கு வந்த இ-இன்வாய்ஸ் முறையைப் புதிய வரியென்று சிறு கடைக்காரர் பலர் எண்ணிக் கலங்குகின்றனர். அது விற்றதைப் பதிவு செய்யும் முறை, வரியன்று. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியை எட்டாதவர்களுக்கு அதிலிருந்து விலக்கும் தரப்பட்டிருக்கிறது.

“ஜி.எஸ்.டி. அடுத்த ஆண்டே திரும்பி வருகிறது” என்பது ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. வரவே வராதென்று நான் சொல்லமாட்டேன். 2017இல் ஏறத்தாழ 44 பில்லியன் வெள்ளி ஈட்டித் தந்த வரியை எந்த நிதியமைச்சும் அடியோடு மறந்துவிடாது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 அல்லது 4,000 வெள்ளி அளவுக்கு உயர்ந்த பின்னரே அதைப்பற்றி யோசிக்கலாமென்பது பிரதமர் அன்வார் இப்ராஹிம் சொல்லியிருப்பது. 2025 பிப்ரவரியில் அந்தச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. எப்படியாயினும், கூட்டரசு அரசியலமைப்பின் 96ஆம் பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றிக் கூட்டரசுக்காக எந்த வரியும் விதிக்கலாகாதென்று கட்டளையிடுகிறது. சட்டமோ அரசிதழில் வெளியிடப்பட்ட உத்தரவோ இல்லாமல், இரவோடிரவாக ஒரு வரி வந்து நம் வாசலில் நிற்க முடியாது.

கடைசியாக, “நாம் முணுமுணுத்து என்ன பயன், அரசாங்கம் கேட்கவா போகிறது” என்ற நம்பிக்கை. எல்லாவற்றிலும் இதுவே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஏனெனில் இது உண்மைக்கு நேர் விரோதமானது. 2025 ஜூன் 9ஆம் தேதி, ஜூலையில் தொடங்கவிருந்த விற்பனை வரிப் பட்டியல் வெளியானபோது, இறக்குமதிப் பழங்களுக்கு 5 சதவீத வரி என்றிருந்தது. ஆப்பிளும் ஆரஞ்சும் எளியோர் வீட்டிலும் நோயாளிக்கும் குழந்தைக்கும் வாங்கும் பண்டங்கள் என்று வியாபாரிகளும் பயனீட்டாளர்களும் குறிப்பிட்ட பொருளைக் குறிப்பிட்டு முறையிட்டார்கள். ஜூன் 27ஆம் தேதியே ஆப்பிள், ஆரஞ்சு, மாண்டரின் ஆரஞ்சு, பேரீச்சம்பழம் ஆகியவற்றுக்கு விலக்கு அறிவிக்கப்பட்டது. அழகுச் சேவைகளுக்கான வரி கைவிடப்பட்டது. வாடகைச் சேவைக்கான விற்பனை எல்லை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வெள்ளிக்கு உயர்த்தப்பட்டது. இன்ன வரி, இன்ன பொருள், இன்ன கஷ்டம் என்று தெளிவாய்ச் சொல்லப்பட்ட குறை, மூன்றே வாரத்தில் நிதியமைச்சின் மனத்தை மாற்றியது.

அத்தகைய வாய்ப்பு நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. ஆனால் வரப்போகும் வரிகளைப் பற்றியே பேசிக்கொண்டு, வந்துவிட்ட வரியை நாம் கவனிப்பதில்லை. செனாயில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கூலாய் நகராண்மைக் கழகத்துக்கு, பிப்ரவரி முடிவுக்குள் ஒரு தவணையும் ஆகஸ்டு முடிவுக்குள் ஒரு தவணையுமாக, மதிப்பீட்டு வரி செலுத்துகிறார். தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் இவ்வரி வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்பட, ஜொகூரில் மாத்திரம் நிலமும் கட்டடமும் சேர்ந்த சொத்தின் விலை மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதற்கு 5 சதவீதம் என்ற உச்ச எல்லையும் வைத்திருக்கிறது. அதே சட்டம், ஐந்தாண்டுக்கொரு முறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கச் சொல்கிறது; மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். புதிய மதிப்பு அதிகமென்று கருதும் வீட்டுக்காரர் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். கழகத்தின் முடிவு திருப்தியளிக்காவிட்டால் உயர்நீதிமன்றத்துக்கும் போகலாம். இந்த உரிமையை அறிந்தவர் நம்மவருள் மிகச் சிலரே. ஆகையால் அன்பர்களே, நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டு அறிவிப்பு வீட்டுக்கு வரும் நாளில், அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மலாய் வாசிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து, அதிலுள்ள புதிய மதிப்பையும் பரிசீலனைக்குக் குறித்த தேதியையும் பாருங்கள். குறை இருந்தால், அந்தத் தேதிக்குப் பதினான்கு நாட்களுக்கு முன்பாக உங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.